செயின் சா: புதுக் கைகள் காசைக் கரைக்கும் இடங்கள்

ஒவ்வொரு புயலுக்குப் பிறகும் ஊருக்கு நாலு பேர் புது செயின் சாவோடு இறங்கிவிடுகிறார்கள். 2016-ல் வர்தாவுக்குப் பிறகு சென்னையில், 2018-ல் கஜாவுக்குப் பிறகு டெல்டாவில் இதே காட்சிதான். ஆறு மாதம் கழித்து மிஷின் மெக்கானிக் மேசையில் பிரித்துக் கிடக்கும். காரணமும் பழையதாகவே இருக்கும். லுங்கியோடு மிஷின் பிடிக்காதே, ஒற்றைக் கையால் அறுக்காதே என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்தது. தெரியாமல் செய்பவை வேறு.

பெரிய பார் மோகம்

கடைக்குப் போனதும் கண் 22 இஞ்ச் பாரில்தான், அதாவது செயின் சுற்றி ஓடும் நீளத் தகட்டில்தான் விழும். கிளை கழிக்கும் வேலைக்கு 35 முதல் 40 சிசி எஞ்சினும் 14 அல்லது 16 இஞ்ச் பாரும் போதும். பார் நீளமானால் தீட்ட வேண்டிய பல்லும் கூடும், நுனி எங்கே படுகிறது என்பதும் கண்ணில் படாது.

ஸ்டிக்கரில் போட்டிருக்கும் சிசியைவிட, கடைக்குப் பின்னால் பட்டறை இருக்கிறதா என்று பாருங்கள். கார்புரேட்டர் டயாஃப்ரம், ஸ்டார்ட்டர் கயிறு, ஸ்ப்ராக்கெட், ஆயில் பம்ப் நான்கும் இருக்கிறதா என்று கேளுங்கள். "ஆர்டர் போட்டால் வரும்" என்று பதில் வந்தால், அந்த மிஷின் சீசன் நடுவே ஒரு டயாஃப்ரத்துக்காக மூலையில் உட்காரும்.

கலர் பார்த்து ஆயில் ஊற்றுவது

பெட்ரோலோடு டூ-ஸ்ட்ரோக் ஆயிலைக் கலந்துதான் இந்த எஞ்சினுக்கு ஊற்ற வேண்டும். கலவை 50-க்கு 1 என்றால் லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி ஆயில். 25-க்கு 1 என்றால் 40 மில்லி. எது என்பதை மிஷினோடு வரும் புத்தகம் சொல்லும், பெட்ரோலின் நிறம் சொல்லாது. அளவு டப்பா இல்லையென்றால் மருந்துக் கடையில் ஒரு சிரிஞ்ச் வாங்கிக்கொள்ளுங்கள். இப்போது பங்கில் கிடைப்பது பெரும்பாலும் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அது காற்றின் ஈரத்தை இழுக்கும். கலந்து வைத்ததை ஒரு மாதத்துக்கு மேல் வைக்காதீர்கள். மிஷினை நாள்கணக்கில் நிறுத்துவதாக இருந்தால் டேங்கைக் காலி செய்து, தானாக அணையும்வரை ஓடவிட்டு வையுங்கள்.

மழுங்கிய செயினை அழுத்தி ஓட்டுவது

எத்தனை முறை சொன்னாலும் திருந்தாத தவறு இதுதான். மிஷின் அறுக்க மறுத்தால் "பவர் பத்தலை" என்கிறார்கள். பவர் அங்கேதான் இருக்கும். பல்தான் போயிருக்கும்.

கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம், கீழே விழுவதைப் பார்த்தால் போதும். கூரான செயின் துருவிய தேங்காய் மாதிரி சீவல் சீவலாகக் கொட்டும், மிஷினின் எடைக்கே மரத்துக்குள் இறங்கும். மழுங்கியது மாவாகக் கொட்டும், பச்சை வேம்பிலும் புகை கிளப்பும். அந்த நேரத்தில் புதுக் கை செய்வது ஒன்றே ஒன்று: உடம்பின் எடையை மிஷின்மேல் போடுவது.

அப்புறம் நடப்பது வரிசையாக வரும். பார் விளிம்பு சூடேறி நீலம் பூத்து இரண்டு பக்கமும் பிதுங்கும். செயின் நின்றும் எஞ்சின் சுற்றுவதால் கிளட்ச் வழுக்கித் தேயும். கிளட்ச் டிரம் கொதிக்கும்போது, பக்கத்திலேயே ஆயில் பம்பை ஓட்டும் பிளாஸ்டிக் பல் சக்கரம் உள்ள மாடலில் அது உருகிவிடும். ஆயில் வராத பாரில் செயின் இன்னும் காயும். கடைசியில் பார், செயின், கிளட்ச், பம்ப் என்று நான்கு பொருளுக்குப் பில் வரும். ஒரு ரவுண்டு அரத்தின் விலை ஒரு வேளை பிரியாணிக்கு மேல் போகாது.

இதில் இரண்டு குறுக்கு வழிகள் உண்டு, இரண்டுமே தவறைவிட மோசம். ஒன்று, ஹார்டுவேர் கடை கிரைண்டரில் கொடுப்பது. அவசரக்காரர் கல்லை ஒரே அழுத்தாக அழுத்தினால் பல் முனை நீலமாகிவிடும், அதாவது பதம் கெட்டுவிட்டது. அதற்குப் பிறகு அந்தப் பல் கூர் நிற்காது, அல்லது அரம் கடிக்காமல் வழுக்கும். இன்னொன்று இதைவிட ஆபத்து. பல்லைத் தொடாமல், அதற்கு முன்னால் சுறா முதுகு மாதிரி நிற்கும் டெப்த் கேஜை மட்டும் தேய்த்துத் தள்ளுவது. பல் அதனால் கூராகாது, ஆழமாக மட்டும் கவ்வும். மிஷின் வெட்டி வெட்டி இழுக்கும், நுனி எங்காவது பட்டால் முகத்துக்கு எகிறும்.

சரியான வழி இதுதான். பிட்ச் (செயின் கண்ணிகளின் இடைவெளி, இஞ்ச் கணக்கில்), கேஜ் (பாரின் பள்ளத்துக்குள் ஓடும் கண்ணியின் தடிமன்), டிரைவ் லிங்க் (அந்தப் பள்ளத்துக் கண்ணி) எண்ணிக்கை மூன்றும் பெரும்பாலும் பாரின் அடிப்பகுதியில் பொறித்திருக்கும். 3/8 லோ புரொஃபைல் செயினுக்கு 4 மில்லிமீட்டர் ரவுண்டு அரம், .325 செயினுக்கு 4.8. முழு 3/8 செயினுக்குக் கம்பெனியைப் பொறுத்து 5.2 அல்லது 5.5. அளவு மாறிய அரம் பல்லின் கொக்கி வடிவத்தையே கெடுத்துவிடும்.

பாரை வைஸில் பிடியுங்கள். காட்டில் என்றால் அடிக்கட்டையில் ஒரு வெட்டுப் போட்டு அதற்குள் பாரைச் செருகுங்கள். செயின் ஆடாதபடி பிரேக்கைப் போடுங்கள். மிக மழுங்கிய பல்லில் ஆரம்பித்து, அதில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுவிட்டால் எங்கே முடிப்பது என்று தெரியும். அரத்தின் குறுக்களவில் ஐந்தில் ஒரு பங்கு பல்லின் மேல்தட்டுக்கு மேலே தெரிய வேண்டும். கோணம் பெரும்பாலும் 30 டிகிரி, பல்லிலேயே அதற்கான கோடு இருக்கும். பல்லின் உள்ளிருந்து வெளியே தள்ளும்போது மட்டும்தான் அரம் வெட்டும். திரும்பும்போது தூக்கிவிடுங்கள். முன்னும் பின்னும் ரம்பம் இழுக்கிற மாதிரி இழுத்தால் அரம்தான் மொட்டையாகும்.

18 இஞ்ச் பாரில் 72 டிரைவ் லிங்க் இருந்தால் 36 பல், பக்கத்துக்கு 18. பல்லுக்கு மூன்று தள்ளு. பெட்ரோல் நிரப்பும் ஒவ்வொரு தடவையும் இதைச் செய்தால் பத்து நிமிஷ வேலை. நாள் முழுக்க விட்டுவிட்டுச் சாயங்காலம் உட்கார்ந்தால் ஒரு மணி நேரம் போகும். இரண்டு பக்கத்துக்கும் எண்ணிக்கை மாறக் கூடாது. பழகின கை ஒரு பக்கம் நன்றாகவும் மறுபக்கம் அரைகுறையாகவும் ஓடும். பல் ஒரு பக்கம் குட்டையானால் வெட்டு வாழைப்பழம் மாதிரி வளைந்து இறங்கி, பாரைப் பிடித்துக்கொள்ளும்.

நாலைந்து முறை தீட்டிய பிறகு டெப்த் கேஜைப் பாருங்கள். பல்லின் உச்சிக்கும் அதற்கும் 0.65 மில்லிமீட்டர் இடைவெளி இருந்தால் போதும், ஏடிஎம் கார்டின் தடிமனைவிடச் சற்றுக் குறைவு. கேஜ் தகடு வைத்து, தட்டையரத்தால் ஒன்றிரண்டு இழுப்பு. கண்ணளவு கூடாது.

செயினை மழுங்கடிப்பது பெரும்பாலும் மரமே அல்ல. தரையில் கிடக்கும் கட்டையை அறுத்து முடிக்கும்போது நுனி மண்ணில் ஒரே ஒரு நொடி பட்டால் போதும். சாலையோர மரத்தில் விளம்பரப் பலகைக்கு அடித்த ஆணி பட்டைக்குள் புதைந்திருக்கும், ஆளுயரம்வரை தட்டிப் பார்த்துவிட்டு வெட்டுங்கள். தென்னையிலும் பனையிலும் வெளிச்சுற்று வைரம் பாய்ந்தது, நார் வேறு ஸ்ப்ராக்கெட் மூடிக்குள் பந்தாகச் சுற்றும். அந்த வேலைக்கு ஒரு செயினைத் தனியாக ஒதுக்கிவிடுவது நல்லது.

கழிவு ஆயில்

பாருக்கும் செயினுக்கும் வழவழப்புக்கு ஊற்ற, லாரி பட்டறையில் கழித்த ஆயில் இலவசம்தான். இரும்புப் பொடியும் இலவசம். பாரின் நுனியில் ஒட்டி நிற்கும் பிசுக்கும் அதில் கிடையாது.

பாரின் நுனி

நுனியின் மேல் கால்பகுதி எதிலும் படக் கூடாது, பட்டால் மிஷின் முகத்துக்கு எகிறும்.

வேலை முடிந்ததும்

செயினைத் தளர்த்திவிடுங்கள். சூட்டில் நீண்டிருக்கும்போது இறுக்கியது, ஆறும்போது சுருங்கி கிராங்க் ஷாஃப்டை இழுக்கும்.

கிளையை மரத்தோடு வழிப்பது

வீட்டுக்காரர் "மொழுமொழுன்னு வேணும்" என்பார். கிளை தண்டோடு சேரும் இடத்தில் சற்று வீங்கின கழுத்து ஒன்று இருக்கும். காயத்தைச் சுற்றிப் புதுத் தசை எழும்புவது அங்கிருந்துதான். அதையும் சேர்த்து வழித்தால் காயம் பெரிதாகி உள்ளே அழுகல் இறங்கும். ஒரு முழத்துக்குக் கட்டை விட்டாலும் அழுகல்தான். அமெரிக்க வனத்துறையில் இருந்த அலெக்ஸ் ஷைகோ ஆயிரக்கணக்கான மரங்களைச் செயின் சாவால் நெடுக்காகப் பிளந்து காட்டியது இதைத்தான்: மரம் காயத்தை ஆற்றுவதில்லை, சுவர் எழுப்பி மூடுகிறது. வெட்டுவாயில் தாரும் பெயின்ட்டும் பூசுவது வீட்டுக்காரர் திருப்திக்கு மட்டும்.

பாரமான கிளையை மூன்று வெட்டில் இறக்குங்கள். தண்டிலிருந்து ஒரு அடி தள்ளி அடியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு. அதற்கு இரண்டு மூன்று இஞ்ச் வெளியே மேலிருந்து முழுசாக. கிளை விழுந்தபின் மிச்சக் கட்டையைக் கழுத்துக்கு வெளியே ஒட்டினாற்போல் எடுங்கள். அடிவெட்டுப் போடாமல் மேலிருந்தே இறக்கினால் பாதியில் கிளை சாய்ந்து, தண்டின் பட்டையை ஆளுயரத்துக்கு உரித்துக்கொண்டு போகும். வேம்பிலும் தூங்குமூஞ்சியிலும் இந்தத் தழும்போடு நிற்கும் மரங்களை எந்தத் தெருவிலும் பார்க்கலாம்.

அனுமதி

பொது இடத்து மரமென்றால் மாவட்டப் பசுமைக் குழுவின் எழுத்து கையில் வராமல் மிஷினை இறக்காதீர்கள்.

ஈ.பி. லைன்

"ஆஃப் பண்ணச் சொல்லிட்டேன்" என்று யார் சொன்னாலும், ஈ.பி. ஆள் வந்து நிற்கிறவரை ஏறாதீர்கள்.