421: முதலில் ஆடுபவர் கவனிக்க வேண்டியது

பிரான்சின் கஃபேக்களில் ஆடப்படும் ‘421’ பகடை ஆட்டத்துக்கு மூன்று பகடைகளும் 11 வில்லைகளும் போதும். 4, 2, 1 சேர்ந்து விழுவதே உச்சம். அடுத்தது மூன்று ஒன்றுகள். 2, 2, 1 தான் கடைசி. முதல் கட்டத்தில் ஆளுக்கு ஒரே வீச்சு. தோற்பவர் நடுவிலிருந்து வில்லைகளை எடுத்துக்கொள்ள வேண்டும். நடுவில் தீர்ந்ததும் அவற்றைப் பிறர் தலையில் கட்டும் கட்டம். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். மூன்று முறை வரை வீசலாம், வேண்டிய பகடையை ஒதுக்கியும் வைக்கலாம். ஆனால் முதலில் ஆடுபவர் எத்தனை முறை வீசினாரோ, மற்றவர்களுக்கும் அவ்வளவே! ஆகவே முதல் வீச்சிலேயே இரண்டு ஒன்றுகளும் ஓர் ஆறும் விழுந்தால் உடனே நிறுத்திவிடுங்கள். 4, 2 மட்டும் கிடைத்திருந்தால் அவற்றை ஒதுக்கிவிட்டு மூன்றாவதை வீசுங்கள். மீதமுள்ள இரண்டு வீச்சுகளில் 1 விழ 36இல் 11 வாய்ப்பு உண்டு.