முதல் வேலை தேடும் கல்லூரி மாணவருக்கு: ரெஸ்யூமேயில் எதை எழுதுவது, எதை விடுவது

வந்து குவியும் விண்ணப்பங்களைப் படித்து, யாரை நேர்காணலுக்குக் கூப்பிடலாம் என்று பிரிப்பது என் அன்றாட வேலை. கல்லூரிக் கடைசி ஆண்டு மாணவர்களின் ரெஸ்யூமேக்களை மட்டும் நான் கொஞ்சம் கூடுதல் நேரம் எடுத்துப் படிப்பேன். கெட்டிக்காரப் பிள்ளை என்று எங்கேயோ ஒரு மூலையில் தெரியும். ஆனால் அதை எடுத்துக் காட்டி மற்றவர்களிடம் வாதாட ஒரு வரி கூடக் கிடைக்காது.

எல்லோரும் இப்படித் தேடிப் படிக்க மாட்டார்கள். லேடர்ஸ் என்ற வேலைவாய்ப்புத் தளம் 2018-இல் வெளியிட்ட கண்ணசைவு ஆய்வில், ஆள் எடுப்பவர்கள் ஒரு ரெஸ்யூமேயை முதல் தடவை பார்க்கும் நேரம் சராசரியாக 7.4 வினாடி என்று வந்தது. அதற்குள் பெயர், படிப்பு, தலைப்புகள், மேலே இருக்கும் சில வரிகள், அவ்வளவுதான் கண்ணில் படும். உங்களுடைய பலமான விஷயம் இரண்டாம் பக்கத்தின் அடியில் இருந்தால் அது இல்லாத மாதிரிதான்.

முதலில் டெம்ப்ளேட்டைத் திறக்காதீர்கள்

ஒரு வெறும் தாளில் கல்லூரிக் காலத்தில் செய்த எல்லாவற்றையும் எழுதுங்கள். புராஜெக்ட், இன்டர்ன்ஷிப், பகுதிநேர வேலை, விழா ஏற்பாடு, டியூஷன் எடுத்தது, வீட்டுத் தொழிலுக்குக் கணக்குப் பார்த்தது, நீங்களாகக் கற்றுக்கொண்ட ஒரு மென்பொருள் என்று எதையும் விடாதீர்கள். சிறியது பெரியது என்று இப்போதே தரம் பிரிக்க வேண்டாம்.

உறவுக்காரப் பெண் ஒருத்தி, வணிகவியல் படிப்பவள், ரெஸ்யூமே எழுத என்னிடம் வந்து உட்கார்ந்தாள். “என்கிட்ட எழுத ஒண்ணுமே இல்லைக்கா” என்றாள்.

“துறை விழாவில் ஏதோ செய்தாயே?”

“சும்மா ரெஜிஸ்ட்ரேஷன் பார்த்துக்கிட்டேன்.”

“பார்த்துக்கிட்டேன்னா என்ன செய்தாய்?”

அப்புறம்தான் ஒவ்வொன்றாக வந்தது. இணையத்தில் பதிவுப் படிவம் தயாரித்தது அவள். முன்னூறுக்கும் மேற்பட்ட பெயர்கள் சேர்ந்தபோது, ஒரே ஆள் இரண்டு தடவை பதிந்திருப்பதைக் கவனித்தவளும் அவள்தான். மொபைல் எண்ணை வைத்து எக்செல்லில் இரட்டைப் பதிவுகளைக் கண்டுபிடித்து நீக்கியிருக்கிறாள். கல்லூரி வாரியாகப் பட்டியலைப் பிரித்து, விழாவன்று காலையில் ஒவ்வொரு மேசைக்கும் ஒரு பட்டியல் கொடுத்திருக்கிறாள். ‘விழா ஒருங்கிணைப்பில் பங்கேற்றேன்’ என்று அவள் எழுதி வைத்திருந்த வரியில் இதில் ஒன்றுகூட இல்லை. இரண்டு பேரும் சேர்ந்து அதை இப்படி மாற்றினோம்:

‘துறை விழாவின் பதிவுப் பொறுப்பு: 300-க்கும் மேற்பட்டோரின் இணையவழிப் பதிவைக் கையாண்டேன், எக்செல்லில் இரட்டைப் பதிவுகளை நீக்கி, கல்லூரிவாரிப் பட்டியல்கள் தயாரித்து, பதிவு மேசைகளுக்குப் பிரித்துக் கொடுத்தேன்.’

கணக்குப் பிரிவுக்கு ஆள் தேடும் ஒருவர் இதைப் படித்தால் என்ன நினைப்பார்? இந்தப் பெண்ணுக்கு எக்செல் தெரியும், தரவில் பிழை இருந்தால் இவள் கண்ணில் படும், கொடுத்த வேலையைக் கடைசிவரை முடிப்பாள். இந்த மூன்றும் அந்த வரியிலேயே இருக்கின்றன. ‘கடின உழைப்பாளி’, ‘நுணுக்கமாகக் கவனிப்பவள்’ என்று தனியாக எழுதத் தேவையே வரவில்லை.

உங்கள் பட்டியலில் உள்ள ஒவ்வொன்றையும் இதே மாதிரி குடைந்து கேளுங்கள். நான் என்ன செய்தேன்? எதைக் கொண்டு செய்தேன்? எவ்வளவு, எத்தனை பேருக்கு? அதனால் என்ன மாறியது? எண்ணிக்கை கைவசம் இருந்தால் போடுங்கள். இல்லையென்றால் கற்பனையாக ஒரு சதவீதத்தை எழுத வேண்டாம். ‘வேகத்தை 40 சதவீதம் கூட்டினேன்’ என்று இருந்தால், எப்படி அளந்தீர்கள் என்பதுதான் என்னுடைய முதல் கேள்வியாக இருக்கும். ‘முன்பு கையால் எழுதியதை இப்போது படிவத்தில் நிரப்புகிறார்கள்’ என்று எழுதினாலும் அது நல்ல விளைவுதான்.

குழுவாகச் செய்த புராஜெக்ட்டில் உங்கள் பங்கைத் தனியாகப் பிரித்துக் காட்டுவது முக்கியம். ‘நூலக மேலாண்மைச் செயலி: ஜாவா, மைஎஸ்கியூஎல்’ என்று மட்டும் எழுதினால், நான்கு பேரில் யார் எதைச் செய்தார்கள் என்று எனக்குத் தெரியாது. ‘நான்கு பேர் குழுவில் தரவுத்தள வடிவமைப்பும் தேடல் பகுதியும் என் பொறுப்பு, புத்தகப் பெயரைப் பிழையாகத் தட்டினாலும் நெருங்கிய பெயர்களைக் காட்டும்படி செய்தேன்’ என்று எழுதினால், நேர்காணலில் எதைப் பற்றிப் பேசலாம் என்று எனக்கும் தெரிந்துவிடுகிறது, உங்களுக்கும் தெரிந்துவிடுகிறது.

எடுத்துக்காட்டுகளைத் தமிழில் தந்திருக்கிறேன். ரெஸ்யூமே எந்த மொழியில் இருந்தாலும் முறை இதேதான்.

விளம்பரத்தைப் பக்கத்தில் வைத்து எழுதுங்கள்

சுமார் 1482-இல் லியனார்டோ டா வின்சி மிலான் நகரின் ஆட்சியாளரான லுடோவிகோ ஸ்ஃபோர்சாவிடம் வேலை கேட்டு எழுதிய கடிதத்தின் வரைவு இன்றும் இருக்கிறது. எளிதில் தூக்கிச் செல்லும் பாலங்கள், முற்றுகைக் கருவிகள், பீரங்கிகள் என்று வரிசையாக எழுதிக்கொண்டே போகிறார். ஓவியமும் சிற்பமும் கடைசியில்தான் வருகின்றன. போர் ஓயாத காலத்தில் ஓர் ஆட்சியாளருக்கு முதலில் என்ன தேவை என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

நீங்களும் அதையே செய்யலாம். வேலை விளம்பரத்தை அச்செடுத்து, அதில் திரும்பத் திரும்ப வரும் தேவைகளை அடிக்கோடிடுங்கள். உங்கள் வெறும் தாளில் அவற்றோடு பொருந்தும் வரிகள் எவையோ அவை மேலே போகட்டும், பொருந்தாதவை கீழே இறங்கட்டும், இடம் இல்லையென்றால் வெளியே போகட்டும். ஆசிரியப் பணிக்கு அனுப்பும்போது டியூஷன் எடுத்தது முதல் இடத்தில் வரும். தரவு சார்ந்த வேலைக்கு அந்த எக்செல் வரி.

சொற்களும் விளம்பரத்தில் உள்ளபடியே இருக்கட்டும். பல நிறுவனங்கள் விண்ணப்பங்களை ஏடிஎஸ் எனப்படும் மென்பொருளில் சேர்த்து வைத்துச் சொற்களைக் கொடுத்துத் தேடுகின்றன. விளம்பரத்தில் ஒரு திறனுக்கு என்ன பெயர் இருக்கிறதோ அதே பெயரில் எழுதினால் தேடலில் நீங்கள் வருவீர்கள். நிஜமாகவே உங்களுக்குத் தெரிந்தவற்றுக்குத்தான் இதைச் சொல்கிறேன். தெரியாத சொற்களை வெள்ளை நிறத்தில் மறைத்து வைக்கும் வித்தை ஒன்று இணையத்தில் சுற்றுகிறது. மென்பொருள் எழுத்தை மட்டும் உருவி எடுக்கும்போது அது அப்படியே வெளியே வந்துவிடும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

வரிசையும் வடிவமும்

பெயர், மொபைல் எண், மின்னஞ்சல், ஊர், பிறகு லிங்க்டுஇன் அல்லது கிட்ஹப் (நிரல் எழுதுபவர்கள் தங்கள் நிரல்களைச் சேர்த்து வைக்கும் தளம்) இணைப்பு. மின்னஞ்சல் முகவரியில் உங்கள் பெயர் இருந்தால் போதும், பள்ளி நாட்களில் விளையாட்டாக வைத்த முகவரி வேண்டாம். அடுத்து படிப்பு, அதன் பிறகு இன்டர்ன்ஷிப்பும் புராஜெக்ட்டுகளும், பிறகு திறன்கள். ஒவ்வொரு பிரிவிலும் சமீபத்தியது முதலில் வர வேண்டும். மதிப்பெண்ணை எழுதினால் எத்தனைக்கு எத்தனை என்று தெளிவாக எழுதுங்கள். அது குறைவாக இருந்து, விளம்பரத்திலும் கேட்கவில்லை என்றால், விட்டுவிடலாம். கேட்டால் உள்ளதை உள்ளபடி கொடுங்கள்.

‘திறமையை வளர்த்துக்கொள்ள வாய்ப்பளிக்கும் சவாலான பணியை நாடுகிறேன்’ என்ற குறிக்கோள் பத்தியை எடுத்துவிடுங்கள். மேலே கிடைக்கும் நல்ல இடம் அதற்கே போய்விடுகிறது. திறன்களுக்குப் பக்கத்தில் ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் போடுவதும் அப்படித்தான்: நான்கு என்றால் எவ்வளவு என்று படிப்பவருக்குத் தெரியாது. பைத்தான் என்று எழுதினால், பைத்தானில் என்ன செய்தீர்கள் என்று மேலே ஒரு புராஜெக்ட் காட்ட வேண்டும். காட்ட முடியாததைப் பட்டியலில் சேர்க்காதீர்கள், நேர்காணலில் கேள்வி அதிலிருந்துதான் வரும்.

பிறந்த தேதி, பெற்றோர் பெயர், மதம், திருமண நிலை இவையெல்லாம் கேட்டால் மட்டும். புகைப்படம் நாட்டுக்கு நாடு மாறும்: அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் வைப்பதில்லை, ஜெர்மனியில் இன்னும் பலர் வைக்கிறார்கள்.

நீளம் ஒரு பக்கம், எழுத்தளவு 10 முதல் 12 வரை, பக்கத்தை இடது, வலது என்று பிரிக்காமல் ஒரே பத்தியாக ஓடும் எளிய அமைப்பு. கேன்வா போன்ற தளங்களில் கிடைக்கும் இரட்டைப் பத்தி டெம்ப்ளேட்டுகள் கண்ணுக்கு அழகுதான். ஆனால் சில மென்பொருள்கள் இடது பத்தி வரியையும் வலது பத்தி வரியையும் ஒட்டிப் படித்துவிடும். வேர்டில் ஹெட்டர் பகுதிக்குள் வைத்த மொபைல் எண்ணும் சிலவற்றில் காணாமல் போகும். இதைச் சோதிப்பது சுலபம். பிடிஎஃப்பைத் திறந்து, எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, நோட்பேடில் ஒட்டுங்கள். வரிகள் முறையாக, படிக்கும் வரிசையில் வந்தால் சரி. கலைந்து வந்தால் அமைப்பை மாற்றுங்கள். ஒன்றுமே வரவில்லை என்றால் அந்தக் கோப்பு படமாகச் சேமிக்கப்பட்டிருக்கிறது.

சாட்ஜிபிடி போன்றவற்றைப் பயன்படுத்தலாமா என்று பலரும் கேட்கிறார்கள். பிழை பார்க்க, நீண்ட வரியைச் சுருக்கத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். முழுவதையும் எழுதச் சொன்னால், எல்லோர் ரெஸ்யூமேயிலும் வரும் அதே பளபளப்பான வாக்கியங்கள்தான் உங்களுக்கும் வரும். நீங்கள் செய்த காரியம் அதற்குத் தெரியாது. இரட்டைப் பதிவைக் கண்டுபிடித்த கதை அந்தப் பெண்ணிடம்தான் இருந்தது.

அனுப்புவதற்கு முன்

சத்தம் போட்டு ஒரு முறை படியுங்கள், பிறகு வேறொருவரைப் படிக்கச் சொல்லுங்கள். மொபைல் எண்ணைத் தாளைப் பார்த்தே இன்னொரு போனில் டயல் செய்து பாருங்கள். இணைப்புகளை உங்கள் கணக்கில் நுழையாத ஒரு பிரவுசரில் திறந்து பாருங்கள், உங்களுக்கு மட்டும் திறக்கும் டிரைவ் இணைப்புகள் அப்போதுதான் மாட்டும். கோப்புக்கு உங்கள் பெயரும் விண்ணப்பிக்கும் பணியின் பெயரும் வரும்படி பெயர் வையுங்கள்.

மின்னஞ்சலை வெறுமையாக அனுப்ப வேண்டாம். எந்தப் பணிக்கு விண்ணப்பிக்கிறீர்கள், அதற்குப் பொருத்தமாக நீங்கள் செய்த ஒரே ஒரு வேலை எது, எப்போது சேர முடியும் என்று நான்கைந்து வரி போதும். அனுப்பிய ரெஸ்யூமேயின் பிரதியையும், அந்த விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட்டையும் ஒரே ஃபோல்டரில் சேமித்து வையுங்கள். நேர்காணல் அழைப்பு சில வாரங்கள் கழித்து வரலாம். அதற்குள் தளத்திலிருந்து விளம்பரத்தை எடுத்திருப்பார்கள், உங்களிடமும் நாலைந்து பதிப்புகள் சேர்ந்திருக்கும். எதிரே உட்கார்ந்திருப்பவர் கையில் இருக்கும் அதே பதிப்பைப் படித்துவிட்டுப் போங்கள்.