பழைய யமஹா ஆர்எக்ஸ் 100 பைக்கின் கிராங்கை மறுபடியும் போடலாமா?

போர்ட் வேலை, பெரிய கார்புரேட்டர், சேம்பர் சைலன்சர் எல்லாம் முடிவான பிறகுதான் பலருக்குக் கிராங்க், அதாவது பிஸ்டனின் ஓட்டத்தைச் சுழற்சியாக மாற்றும் தண்டு, ஞாபகம் வருகிறது. 98 சிசி இன்ஜினை 7,500 ஆர்பிஎம்முக்கு மேலே விரட்டப் போகிறீர்களா? அப்படியானால் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.

இந்தக் கிராங்க் ஒரே துண்டு கிடையாது. வெப் எனப்படும் இரண்டு கனத்த வட்டுகளுக்கு நடுவே பின் என்ற உருளையை பிரஸ்ஸில் இறுக்கி, அதில் பிஸ்டனைத் தாங்கும் ராடை மாட்டியிருப்பார்கள். ராட், பின், பேரிங் மூன்றும் தேய்கிற சாமான்கள். வேகத்துக்காகக் கட்டும் இன்ஜினில் அவை நன்றாக இருந்தாலும் புது ராட் கிட் போட்டுவிடுவேன். ஆகவே மிச்சமிருக்கும் கேள்வி, வெப்புகள் தேறுமா என்பதே.

1. மண்ணெண்ணெயில் நன்றாகக் கழுவுங்கள். பேரிங்கில் ஆயில் நின்றால் ஆட்டம் தெரியாது. ராடை நேராக மேலும் கீழும் இழுத்துப் பாருங்கள்; துளி ஆட்டம்கூட இருக்கக் கூடாது. பக்கவாட்டில் கொஞ்சம் நகரும், அது அப்படித்தான் இருக்க வேண்டும். ராடின் அடிப்பகுதி நீலம் பாரித்திருந்தால் ஆயில் போதாமல் சூடேறியிருக்கிறது என்று அர்த்தம்.

2. மேக்னெட்டோ பக்கம் டேப்பரையும் (கூம்பான முனை) சாவிக் காடியையும் பாருங்கள். காடி அகன்றிருந்தால் இக்னிஷன் டைமிங் நிற்காது. நட்டு மரையையும் பார்த்துவிடுங்கள்.

3. லேத் பட்டறையில் வி பிளாக் மேல் வைத்து, இரண்டு முனையிலும் டயல் கேஜ் போடச் சொல்லுங்கள். சுற்றும்போது தெரியும் ஆட்டத்துக்கு 0.03 மி.மீ.தான் எல்லை. தாண்டினால் உடனே தூக்கிப் போட வேண்டாம். பெரும்பாலும் வெப்புகள் பின்னில் திருகிக்கொண்டிருக்கும், அதைத் தட்டி அலைன்மென்ட் எடுக்கலாம். தண்டே வளைந்திருந்தால் விட்டுவிடுங்கள்.

4. உண்மையான தீர்ப்பு, புது ராட் போடுவதற்காகப் பின்னைக் கழற்றும்போதுதான் கிடைக்கும், அதனால் பக்கத்திலேயே நில்லுங்கள். பின் முரண்டு பிடித்து, 'டப்' என்று சத்தத்தோடு விட்டால் வெப்பில் உள்ள பின் துளை நன்றாக இருக்கிறது. வழுக்கிக்கொண்டு வந்தால் பலமுறை ராட் மாற்றித் துளை தளர்ந்திருக்கிறது. "வெல்டு வெச்சுடலாம், சார்" என்பார் பட்டறைக்காரர். இறுக்கமான பின்னுக்குக் கூடுதல் பிடிப்பாக வெல்டு வைப்பது வேறு. தளர்ந்த துளையை அது காப்பாற்றாது.

துளையும் டேப்பரும் சரியாக இருந்தால், கடையில் கிடைக்கும் மலிவான முழு கிராங்கைவிடப் பழைய ஒரிஜினல் வெப்பையே நம்புவேன்.

5. பூட்டும்போது மெயின் பேரிங், ஆயில் சீல் எல்லாம் புதிதாக இருக்கட்டும். மேக்னெட்டோ பக்க சீல் காற்றை உள்ளே விட்டால் பெட்ரோல் கலவை மெலிந்து பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். கிளட்ச் பக்க சீல் விட்டால் கியர் ஆயில் உள்ளே போய்ப் புகை கக்கும்.