பங்க் பாட்டைக் கனமாக்க

கனமான சத்தம் வேண்டும் என்று வரும் பொடியள் எல்லாரும் முதலில் கிட்டார் ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டோர்ஷன் பெடலைத்தான் முறுக்குகிறார்கள். அதை விடுங்கள். கெயின், அதாவது அந்தக் கரகரப்பின் அளவு, கூடக் கூட நோட்டுகள் கலங்கி, இரைச்சல் மட்டும் மிஞ்சும். பேஸ் வாசிக்கிறவன் என்ற உரிமையில் சொல்கிறேன்: பாரம் வருவது வேகத்தைக் குறைப்பதாலும் சுருதியை இறக்குவதாலும்தான்.

வேகத்திலிருந்து தொடங்குங்கள். நிமிடத்துக்கு 190 அடியில் ஓடும் பழைய பாட்டு ஒன்றை எடுங்கள். ரிஃபை, அதாவது திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துண்டை, தொடவேண்டாம். நாலடிச் சுற்றில் 2, 4ஆம் அடிகளில் விழும் ஸ்நேர் ட்ரம்மை 3இல் மட்டும் விழவிடுங்கள். பாட்டு அப்போதே பாதி வேகத்தில் நடப்பதுபோல் கேட்கும். பிறகு மெட்ரோனோமை 140க்கு இறக்குங்கள். ட்ரம்ஸ்காரர் கட்டாயம் அவசரப்படுவார், திட்டாதீர்கள். அமெரிக்க பங்க் குழுவான பிளாக் ஃபிளாக் 1984இல் 'மை வார்' தட்டின் இரண்டாம் பக்கத்தில் மூன்றே பாட்டுகள் வைத்தார்கள், ஒவ்வொன்றும் ஆறு நிமிடத்துக்கு மேல். வேகத்துக்குப் பழகிய ரசிகர்கள் பலருக்கு அது பிடிக்கவில்லை. உங்கள் கூட்டாளிகளும் முகம் சுழிப்பார்கள். சுழிக்கட்டும்.

அடுத்தது சுருதி. கிட்டாரின் ஆறாம் தந்தியை, தடித்ததை, மட்டும் ஈ (E) சுரத்திலிருந்து டீக்கு (D) இறக்கினால், பங்கில் எங்கும் வரும் பவர் கோர்டை (ஸ, ப மட்டும் சேர்ந்த கோர்டை) ஒரே விரலால் பிடிக்கலாம். ஆங்கில ஹெவி மெட்டல் குழுவான பிளாக் சபத்தின் கிட்டார்காரர் டோனி ஐயோமி தொழிற்சாலை விபத்தில் இரண்டு விரல் நுனிகளை இழந்தவர். 1971இல் 'மாஸ்டர் ஒஃப் ரியாலிட்டி' தட்டின் சில பாட்டுகளுக்காக எல்லாத் தந்திகளையும் மூன்று அரைச்சுரம் இறக்கினார். தந்தி தளர்ந்ததால் அவர் விரலுக்கும் சுகம். நீங்கள் அவ்வளவு இறக்கினால் 10–46 தடிப்புள்ள வழக்கமான தந்தி தொளதொளக்கும். 12–56 போடுங்கள். கழுத்தின் தலைப்பக்கம் தந்தியைத் தாங்கும் நட்டின் பள்ளம் தடித்த தந்திக்குப் போதாவிட்டால் மெல்ல அராவவேண்டும். பிறகு பன்னிரண்டாம் பிரெட்டில் ஹார்மோனிக்கையும் (தந்தியை அமுக்காமல் தொட்டு எழுப்பும் ஒலி) அமுக்கிய நோட்டையும் ஒப்பிடுங்கள். அமுக்கிய நோட்டின் சுருதி கூடினால், தந்தியின் மறுமுனையைத் தாங்கும் சாடிலைப் பின்னுக்குத் தள்ளுங்கள்.

திருகோணமலைக் கரையில் உப்புவெளிப் பக்கம் இருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று: கடல் காற்று தந்தியைத் தின்னும். வாசித்து முடித்ததும் பழைய சாரத் துண்டால் துடையுங்கள், பெட்டிக்குள் சிலிக்கா பொட்டலம் போடுங்கள். தடித்த தந்தி மலிவில்லை.

பாட்டுக்கு இருண்ட உணர்வு எங்கிருந்து வரும்? கோயில் வகுப்பில் சரளி வரிசை படித்தவர்கள் அதிர்ஷ்டசாலிகள். திறந்த தந்தியை ஸ என்று வையுங்கள். சுத்த ரிஷபம் ஒரு பிரெட் தள்ளி, பிரதி மத்திமம் ஆறு பிரெட் தள்ளி. இந்த மூன்றையும் மெதுவாக மாற்றி மாற்றி அடித்தாலே ரிஃப் பிறந்துவிடும். மாயாமாளவகௌளையில் தொடங்கிய பிள்ளைக்கு ஸ–ரி நெருக்கம் ஏற்கெனவே காதில் இருக்கிறது.

இப்போது ஆம்பைத் தொடலாம். கெயினைப் பாதிக்குக் கீழே வையுங்கள், மிட்டை, அதாவது நடு ஒலியை, கூட்டுங்கள், அடிச்சத்தத்தை பேஸுக்கு விடுங்கள். பேஸும் அதே சுருதிக்கு இறங்கியிருக்கவேண்டும், மறந்துவிடாதீர்கள். பாடுகிறவர் தொண்டையைக் கிழிக்கத் தேவையில்லை. ரிஃபுக்குப் பின்னால் சற்றுப் பிந்திப் பேசினாலே போதும். வரிகள், கறுப்புச் சட்டை எல்லாம் உங்கள் பாடு.

மேடையில் ஒரே கிட்டார்தான் என்றால் வேகப் பாட்டுகளை முதலில் முடித்துவிட்டு, சுருதியை ஒருமுறை மட்டும் இறக்குங்கள். அந்த இடைவெளியில் ட்ரம்ஸ்காரர் ஃப்ளோர் டொம்மை, தரையில் நிற்கும் பெரிய ட்ரம்மை, மெதுவாக அடித்துக்கொண்டிருக்கட்டும்.