நாற்பது வயதில் தட்டச்சுப் பழகுதல்

கடையிலோ வீட்டிலோ பல ஆண்டுகளைக் கழித்துவிட்டு, நாற்பது வயதை ஒட்டி வழக்கறிஞர் அலுவலகத்திலோ டி.டி.பி. நிலையத்திலோ வேலை தேடுவோருக்குத் தட்டச்சு இன்றும் நல்ல துணை. தமிழ்நாட்டில் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் தேர்வில் இளநிலைக்கு நிமிடத்துக்கு 30 சொற்களும், முதுநிலைக்கு 45 சொற்களும் அடிக்க வேண்டும். அரசுத் தட்டச்சர் பணியை நாடுபவர் தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் தேறியிருக்க வேண்டும். அவற்றில் ஒன்றிலேனும் முதுநிலை தேவை. அப்பணிக்கு வயது வரம்பு உண்டு என்பதால், அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் அறிவிக்கையைப் படித்துவிட்டே தட்டச்சு இன்ஸ்டிடியூட்டில் பணம் கட்டுங்கள்.

கைப்பேசியிலும் கணினியிலும் இரண்டு விரல்களால் தட்டிப் பழகியவருக்கு, புதியதைக் கற்பதைவிடப் பழைய பழக்கத்தை விடுவதே கடினம். 'ஏ எஸ் டி எஃப் ஜி எஃப்' என்ற முதல் பாடத்தைப் பக்கம் பக்கமாக அடிக்கும்போது சலிப்பு வரும். பக்கத்து இயந்திரத்தில் கல்லூரி மாணவி கடகடவென்று அடித்துக்கொண்டிருப்பார். அவரோடு போட்டி போடாதீர்கள். விசைகளைக் குனிந்து பார்க்காமல், ஒவ்வோர் எழுத்துக்கும் உரிய விரலாலேயே அடிப்பது கைவரும்வரை வேகத்தை மறந்துவிடுவதுதான், என் அனுபவத்தில், விரைவான வழி.

அடித்த தாளை உருவியதும் மடித்து வைக்காமல் உற்றுப் பாருங்கள். 'ஏ' மட்டும் மங்கலாக விழுந்திருந்தால் இடக்கைச் சுண்டுவிரலுக்கு வலு போதவில்லை என்று பொருள்; அந்த எழுத்து வரும் சொற்களை மறுநாள் முதல் பத்து நிமிடம் அடியுங்கள். விசையை அழுத்தியதும் எழும்பித் தாளில் எழுத்தைப் பதிக்கும் கம்பிகள் அடிக்கடி ஒன்றோடொன்று சிக்கினால், முதல் கம்பி கீழே இறங்குவதற்குள் அடுத்த விசையை அழுத்துகிறீர்கள்; தாளம் தவறாமல் ஒரே சீராக அடித்தால் அது நின்றுவிடும்.

தமிழ்த் தட்டச்சில் வேறொரு தடுமாற்றம் காத்திருக்கிறது. கையால் எழுதும்போது எழுத்தை முடித்தபின் வைக்கும் புள்ளியை இயந்திரத்தில் முதலில் அடிக்க வேண்டும். புள்ளி விசை தாளை நகர்த்தாது, அதன் கீழே 'க' வந்து விழுந்ததும் 'க்' ஆகிவிடும். எழுதிப் பழகிய கை இதற்கு எளிதில் இணங்காது. 'பக்கம்', 'அம்மா', 'வட்டம்' போன்ற சொற்களை வரிவரியாக அடித்தே பழக்க வேண்டும்.

தேர்வுகள் பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் நடப்பதால், ஆறு மாதம் முன்னதாகச் சேர்ந்து நாள்தோறும் ஒரு மணி நேரம் தவறாமல் செல்லுங்கள். பத்து நிமிட வேகத்தாளிலேயே முழுக் கவனத்தையும் செலவிடாமல், கடிதமும் அட்டவணையும் கேட்கும் இரண்டாம் தாளுக்கு வாரம் இரண்டு நாளாவது ஒதுக்கி, ஓரம் விடுவதையும் அட்டவணையின் பத்திகளை அளந்து பிரிப்பதையும் பழகிக்கொள்ளுங்கள்.