செமஸ்டர் முடிய 18 நாள்: புத்தகத்தைத் திறப்பதற்கு முன் செய்ய வேண்டியது

செமஸ்டர் கடைசியில் பயம் வந்ததும் நாம் செய்கிற முதல் காரியம், கைக்குக் கிடைத்த பாடத்தின் முதல் யூனிட்டைத் திறந்து உட்காருவது. நானும் அப்படித்தான் இருந்தேன். மூன்றாவது செமஸ்டரில் எனக்குப் பிடித்த பாடத்தை முதலில் எடுத்தேன். அதிலேயே எட்டு நாள் ஓடிவிட்டது. இத்தனைக்கும் அதில் இன்டர்னல் மார்க் ஏற்கெனவே நன்றாக இருந்தது, பாதி படித்திருந்தாலே போதும். கணிதத்துக்கு மிஞ்சியது ஒன்றரை நாள். அரியர் விழுந்தது. ஊர் சுற்றி வாங்கிய அரியர் என்றால்கூட மனசு ஆறியிருக்கும். இது ராத்திரி பகலாகப் படித்து வாங்கியது.

அடுத்த செமஸ்டரிலிருந்து முதல் நாளில் ஒரு வரிகூடப் படிப்பதில்லை என்று வைத்துக்கொண்டேன். அன்றைக்குக் கணக்கு மட்டும்தான். அந்தக் கணக்கை எப்படிப் போடுவது, அதற்கப்புறம் எப்படிப் படிப்பது என்பதைத்தான் கீழே படிப்படியாக எழுதியிருக்கிறேன். கையில் 18 நாள் இருப்பதாக வைத்துக்கொண்டு சொல்கிறேன். உங்களுக்குப் பத்து நாள்தான் இருக்கிறது என்றாலும் முதல் இரண்டு படிகளைத் தாண்டிப் போகாதீர்கள். நாள் குறையக் குறைய அவைதான் அதிகம் உதவும்.

படி 1: எவ்வளவு மார்க் தேவை என்று கணக்குப் போடுங்கள்

ஒரு தாளில் ஒவ்வொரு பாடத்துக்கும் நான்கு விஷயங்களை எழுதுங்கள்: கிரெடிட், இதுவரை வந்த இன்டர்னல், எட்ட வேண்டிய மொத்தம், அதற்கு இறுதித் தேர்வில் எடுக்க வேண்டியது. இன்டர்னல் 40, இறுதித் தேர்வு 60 என்று வைத்துக்கொள்வோம். எல்லாவற்றிலும் 70 வேண்டும் என்பது இலக்கு.

கணிதம், 4 கிரெடிட், இன்டர்னல் 24. தேவை 60-க்கு 46.
பொருளியல், 3 கிரெடிட், இன்டர்னல் 35. தேவை 60-க்கு 35.
விருப்பப் பாடம், 2 கிரெடிட், இன்டர்னல் 31. தேவை 60-க்கு 39.

மூன்றும் ஒரே அளவு பயமுறுத்திக்கொண்டிருந்திருக்கும். தாளில் பார்த்தால் கணிதம் மட்டும்தான் நெருக்கடி. பொருளியலில் பாதிக்குக் கொஞ்சம் மேலே எழுதினால் போதும்.

கிரெடிட்டையும் சேர்த்துப் பாருங்கள். இந்த செமஸ்டரில் மொத்தம் 20 கிரெடிட் என்றால், கணிதத்தில் கிரேடு பாயின்ட் 6-லிருந்து 8-க்குப் போனால் சராசரி 0.4 ஏறும் (2 × 4 ÷ 20). விருப்பப் பாடத்தில் 8-லிருந்து 9-க்குப் போக நீங்கள் படும் பாட்டுக்குக் கிடைப்பது 0.1.

ஒரு எச்சரிக்கை. மொத்தத்தில் தேறினாலும், இறுதித் தேர்வில் தனியாக ஒரு குறைந்தபட்ச மார்க் எடுத்தாக வேண்டும் என்ற விதி பல இடங்களில் உண்டு. இன்டர்னல் நிறைய இருக்கிறதே என்று இருப்பவர்கள் இந்த விதியில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். உங்கள் விதிமுறைப் புத்தகத்தில் இதை மட்டுமாவது பார்த்துவிடுங்கள்.

படி 2: பாக்கி வேலைகளை முதல் மூன்று நாளில் முடியுங்கள்

கொடுக்காத அசைன்மென்ட், கையெழுத்து வாங்காத ரெக்கார்ட், குறைந்துபோன அட்டெண்டன்ஸ், கட்டாத தேர்வுக் கட்டணம். இவற்றைப் பற்றி நினைக்கவே பிடிக்காது, அதனால்தான் பாக்கி நிற்கின்றன. ஆனால் ஒரு அசைன்மென்ட்டுக்கு ஐந்து மார்க் என்றால், அதே ஐந்தைத் தேர்வு அறையில் சம்பாதிக்க ஒரு யூனிட்டே படிக்க வேண்டியிருக்கும்.

கெடு தாண்டிவிட்டதா? ஆசிரியரைக் கண்டால் ஒளிவதை நிறுத்திவிட்டு ஒரு செய்தி அனுப்புங்கள். நீளமாக வேண்டாம். இப்படி இருக்கலாம்:

"வணக்கம் சார். நான் இரண்டாம் ஆண்டு பொருளியல், வரிசை எண் 27. மூன்றாவது அசைன்மென்ட் இன்னும் கொடுக்கவில்லை. கெடு போன வெள்ளிக்கிழமையே முடிந்துவிட்டது என்று தெரியும். ஆறு கேள்விகளில் நான்கை எழுதி முடித்துவிட்டேன். செவ்வாய் காலை பத்து மணிக்குள் முழுவதும் கொண்டுவந்து தரலாமா? தாமதத்துக்கு மார்க் குறைத்தாலும் சரி, சார்."

இதில் காய்ச்சல், குடும்பச் சூழ்நிலை என்று எந்தக் கதையும் இல்லை. உண்மையிலேயே காய்ச்சல் என்றால் ஒரு வரியில் சொல்லுங்கள், தப்பில்லை. ஆனால் ஆசிரியருக்கு முக்கியமாகத் தெரிய வேண்டியது இரண்டுதான்: எவ்வளவு முடித்திருக்கிறீர்கள், எப்போது தருவீர்கள். "கொஞ்சம் டைம் கொடுங்க சார்" என்பதற்கு மறுப்பு சொல்வது எளிது. நாளும் நேரமும் குறித்துக் கேட்பவரிடம் மறுப்பது அவ்வளவு எளிதில்லை.

படி 3: கையில் இருக்கும் மணி நேரத்தை எண்ணுங்கள்

18 நாளில் இரண்டு நாளை வெறுமனே விடுங்கள். ஏதாவது ஒன்று வந்து அவற்றைத் தின்றுவிடும். மிச்சம் 16 நாள். நாளுக்கு ஆறு மணி நேரம் மனம் ஒட்டிப் படிக்க முடியும் என்றால் 96 மணி நேரம். பன்னிரண்டு மணி நேரம் என்று எழுதாதீர்கள், இரண்டாவது நாளே அட்டவணை குப்பைக்குப் போய்விடும்.

ஐந்து பாடம், பாடத்துக்கு ஐந்து யூனிட், மொத்தம் 25. யூனிட்டுக்கு மூன்று மணி நேரம் என்று நினைத்தால் 75. தாராளமாக முடித்துவிடலாம் என்று தோன்றும். அங்கேதான் ஏமாறுகிறோம். 1994-ல் ரோஜர் பியூலர் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும், ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த மாணவர்களிடம் எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். மாணவர்கள் சொன்னது சராசரியாக 33.9 நாள், ஆனது 55.5 நாள். எல்லாமே கெட்டுப்போனால் எத்தனை நாள் ஆகும் என்றும் கேட்டிருந்தார்கள். அதற்கு அவர்கள் சொன்ன 48.6 நாளைக்கூடத் தாண்டிவிட்டது!

அதனால் எந்த மதிப்பீட்டையும் ஒன்றரையால் பெருக்குங்கள். 75 என்பது 112-க்கு மேல் போகிறது. கையில் 96. பதினாறு மணி நேரம் துண்டு விழுகிறது. இது தேர்வுக்கு முந்தின ராத்திரி தெரிவதைவிட இன்றைக்கே தெரிவது நல்லது. எங்கே வெட்டுவது? படி 1-ல் போட்ட தாளை எடுங்கள். பொருளியலில் 35 மார்க் போதும் என்றால் அங்கிருந்துதான் வெட்ட வேண்டும், கணிதத்திலிருந்து இல்லை.

வெட்டுவதற்கு முன் வினாத்தாளின் அமைப்பைப் பாருங்கள். யூனிட்டுக்கு ஒரு பெரிய கேள்வி, அதற்குள்ளேயே "இது அல்லது அது" என்று இருந்தால், ஒரு யூனிட்டை விட்டாலே அந்தக் கேள்வி முழுவதும் போய்விடும். எட்டுக் கேள்வியில் எந்த ஐந்தையும் எழுதலாம் என்றால் ஒரு யூனிட்டை விட்டுவைக்கலாம். பழைய வினாத்தாள்கள் ஐந்தை எடுத்து, எந்த யூனிட்டிலிருந்து எத்தனை மார்க் வந்திருக்கிறது என்று கோடு போட்டுப் பாருங்கள். ஒரு மணி நேர வேலைதான்.

படி 4: புத்தகத்தை மூடிவிட்டுப் படியுங்கள்

இனிமேல்தான் படிப்பே. நோட்ஸை மூன்று முறை வாசிப்பது, மஞ்சள் பேனாவால் கோடு போடுவது, இவையெல்லாம் படித்த திருப்தியைத் தரும். பார்த்த பக்கம் பழகிய முகம்போல் தெரியும். ஆனால் தேர்வில் அந்த முகத்தை வரையச் சொல்வார்கள்.

2006-ல் ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்பிக்கியும் ஒரு சோதனை செய்தார்கள். சில பத்திகளை மாணவர்கள் இரண்டு முறை படித்தார்கள். வேறு சிலவற்றை ஒரு முறை மட்டும் படித்துவிட்டு, பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது இரண்டு முறை படித்ததுதான் முன்னிலை: 81 விழுக்காட்டுக்கு எதிராக 75. ஒரு வாரம் கழித்துக் கேட்டால் தலைகீழ். இரண்டு முறை படித்ததில் 42 விழுக்காடு மிஞ்சியது, எழுதிப் பார்த்ததில் 56. உங்கள் தேர்வு ஐந்து நிமிடத்தில் இல்லையே.

செய்யும் முறை எளிது. ஒரு தலைப்பை அரை மணி நேரம் படியுங்கள். புத்தகத்தை மூடுங்கள். வெள்ளைத் தாளில் நினைவிருப்பதை எல்லாம் எழுதுங்கள். அப்புறம் புத்தகத்தைத் திறந்து சிவப்புப் பேனாவால் திருத்துங்கள்.

தேவை நெகிழ்ச்சியை, அதாவது விலை மாறினால் தேவை எவ்வளவு மாறுகிறது என்பதைப் படித்த ஒரு தோழியின் தாளைப் பார்த்தேன். வரையறை அழகாக இருந்தது. சூத்திரத்தை மட்டும், விலை மாற்ற விழுக்காட்டைத் தேவை மாற்ற விழுக்காட்டால் வகுப்பதாக எழுதியிருந்தாள். விலை 10 விழுக்காடு ஏறி, தேவை 20 விழுக்காடு குறைந்தால் நெகிழ்ச்சியின் அளவு 2. அவள் கணக்கில் 0.5. விலை ஏறினால் ஓடிப்போகிற வாடிக்கையாளர்கள் அசையாமல் நிற்பவர்களாக மாறிவிட்டார்கள், முடிவே தலைகீழ். நோட்ஸை அதுவரை நான்கு முறை வாசித்திருந்தாளாம். நான்கு முறையும் சரியான சூத்திரம்தான் கண் முன்னால் இருந்தது, அதனால் தப்பு வெளியே வரவே இல்லை. வெள்ளைத் தாள் அதை இருபது நிமிடத்தில் காட்டிக்கொடுத்தது. அந்தச் சிவப்பு மைதான் நீங்கள் படிக்க வேண்டிய சிலபஸ். மற்றதெல்லாம் ஏற்கெனவே தெரிந்தது.

படி 5: ஒரே பாடத்தில் குடியிருக்காதீர்கள்

எட்டு நாள் ஒரே பாடம் என்ற என் தவறைச் செய்ய வேண்டாம். ஒரு யூனிட்டை முதல் நாள் படித்தால், நான்காம் நாள் அரை மணி நேரம், பதினொன்றாம் நாள் இன்னொரு அரை மணி நேரம் மறுபடி வெள்ளைத் தாளில் எழுதிப் பாருங்கள். இடைவெளியில் கொஞ்சம் மறந்திருக்கும், எழுதும்போது எரிச்சலாக இருக்கும். அந்தச் சிரமத்தோடு நினைவுக்குக் கொண்டுவருவதுதான் தங்குகிறது. படித்தது எவ்வளவு வேகமாகக் கரைகிறது என்பதை ஹெர்மன் எபிங்ஹாஸ் தன்னையே சோதித்துப் பார்த்து 1885-லேயே எழுதிவைத்துவிட்டார்.

படி 6: கடிகாரம் வைத்து ஒரு முழு வினாத்தாள்

பாடத்துக்கு ஒன்று போதும், ஆனால் முழுதாக எழுதுங்கள். மூன்று மணி நேரத்துக்கு 60 மார்க் என்றால், வாசிக்கவும் சரிபார்க்கவும் 15 நிமிடம் போக 165 நிமிடம். மார்க்குக்கு இரண்டே முக்கால் நிமிடம். பத்து மார்க் கேள்விக்கு 27 நிமிடம், இரண்டு மார்க் கேள்விக்கு ஐந்தரை நிமிடம். தெரிந்த கேள்வி என்று முதல் விடைக்கு 45 நிமிடம் எடுத்துக்கொண்டு, கடைசிக் கேள்வியில் கையெழுத்து கோழி கிளறியதுபோல் ஆவது வீட்டிலேயே நடந்து முடிந்துவிடட்டும்.

முந்தின நாள்

புதிதாக எதையும் தொடாதீர்கள். சிவப்பு மை தாள்களை மட்டும் ஒருமுறை பாருங்கள். ஹால் டிக்கெட், அடையாள அட்டை, கால்குலேட்டர், இரண்டு பேனாவை எடுத்துவையுங்கள். கண் விழிக்கலாம் என்று ராத்திரி பத்து மணிக்குக் காபி குடித்தால், அதிலிருக்கும் கஃபைன் பாதியாகக் குறையவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும், ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாறும். மூன்று மணிக்கும் பாதி காபி உடம்பில் இருக்கும். படுத்தும் தூக்கம் வராது, எழுந்தாலும் படிப்பு ஏறாது.

ஒரு தேர்வு முடிந்து வெளியே வந்ததும் விடைகளை ஒப்பிட்டுப் பார்க்கும் கூட்டத்தில் நிற்காதீர்கள். அடுத்த பாடத்தின் தாள்கள் பையில் இருக்கட்டும்.

கடைசித் தேர்வு முடிந்த சாயங்காலம் நூலகப் புத்தகங்களைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். புத்தகப் பாக்கிக்காக மதிப்பெண் பட்டியலை நிறுத்திவைக்கிற இடங்கள் உண்டு.