மருந்து மாறி உயிர் போகும்போது: புதிதாக வார்டுப் பொறுப்பேற்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாக வார்டு இன்சார்ஜாகப் பொறுப்பேற்கும் செவிலியர்களுக்கு நான் பயிற்சி அளித்து வருகிறேன். மருந்து மாறிய சம்பவங்களை விசாரித்து அவர்கள் எழுதும் அறிக்கைகளில், எங்கள் தலைமுறை செய்த அதே பிழைகள் ஏறக்குறைய அதே சொற்களில் திரும்ப வருகின்றன. சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு என்று படிக்கும் காலத்திலேயே மனப்பாடமானவற்றை இங்கு விட்டுவிடுகிறேன்.

யார் கை என்று தெரிந்ததும் விசாரணையை முடித்துவிடுவது

எனக்கு இன்றும் பொறுக்க முடியாத தவறு இதுதான். நான் பணியாற்றிய மருத்துவமனை ஒன்றில், செறிவு மிகுந்த பொட்டாசியம் குளோரைடு ஆம்பியூல்களும், மருந்துத் தூளைக் கரைப்பதற்கான ஸ்டெரைல் வாட்டர் ஆம்பியூல்களும் ஒரே டிரேயில் அடுத்தடுத்து வைக்கப்பட்டிருந்தன. இரண்டும் 10 மில்லி அளவுள்ள பிளாஸ்டிக் ஆம்பியூல்கள் என்பதால், எழுத்தைப் படித்தால் ஒழிய வேறுபாடு தெரியாது. சலைனில் கலந்து மெதுவாக ஏற்ற வேண்டிய பொட்டாசியத்தை நேரடியாக ஐ.வி. ஊசியாகப் போட்டால் இதயம் நின்றுவிடும். ஓர் இரவு, ஆன்டிபயாடிக் தூளைக் கரைப்பதற்கு ஒரு ஸ்டாஃப் நர்ஸ் பொட்டாசியத்தை எடுத்துவிட்டார். உடன் பணியில் இருந்தவர் பார்த்துத் தடுத்ததால் நோயாளி தப்பினார். காலையில் அந்தப் பெண்ணுக்கு மெமோ கொடுத்து, ‘கவனக்குறைவு’ என்ற ஒரே சொல்லில் கோப்பை மூடினார்கள். டிரேயை யாரும் தொடவில்லை. சில மாதங்களில், புதிதாகச் சேர்ந்த வேறொருவர் அதே டிரேயிலிருந்து அதே ஆம்பியூலை எடுத்தார். அவரை எச்சரித்திருக்கக்கூடிய ஒரே ஆள், அதாவது மெமோ வாங்கியவர், அதற்குள் மனம் வெறுத்து வேலையை விட்டுப் போயிருந்தார்.

இதே போக்கு உயிரைக் குடித்த பிறகும் தொடர்வதற்கு எடுத்துக்காட்டாக, அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் உள்ள வாண்டர்பில்ட் பல்கலைக்கழக மருத்துவமனையில் 2017 டிசம்பரில் நடந்ததைப் பயிற்சியில் விரிவாகச் சொல்வேன். மூளை இரத்தக் கசிவிலிருந்து தேறிவந்த 75 வயதுப் பெண்மணிக்கு, பெட் ஸ்கேன் எடுக்கும்போது பதற்றம் தணிவதற்காக மிடசோலம் எழுதப்பட்டிருந்தது. அதன் வணிகப் பெயரான வெர்செட் என்பதை நினைத்து, செவிலியர் தானியங்கி மருந்து அலமாரியில் முதல் இரண்டு ஆங்கில எழுத்துகளைத் (VE) தட்டினார். மருந்துகளை மூலப்பெயரில் தேடுமாறு அமைக்கப்பட்டிருந்த அந்த அலமாரி, தடையை மீறி எடுக்கும் வழியில், தசைகளை முடக்கி மூச்சை நிறுத்தும் வெக்குரோனியத்தைக் கொடுத்தது. ஊசி போட்ட பிறகு நோயாளியை யாரும் கண்காணிக்கவில்லை. மறுநாள் அவர் இறந்தார்.

அந்தச் செவிலியர்மீது தவறே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். குப்பியின் மூடியிலேயே தசைமுடக்கி என்ற எச்சரிக்கை இருந்தது. திரவமாக இருக்க வேண்டிய மருந்து தூளாக இருந்தபோதாவது அவர் நின்று பார்த்திருக்க வேண்டும். ஆனால் அவர் தம் பிழையை உடனே ஒப்புக்கொண்டார். மருத்துவமனையோ, இறப்புக்கான காரணத்தைப் பதிவு செய்யும் அதிகாரியிடம் வெக்குரோனியத்தைப் பற்றிச் சொல்லாமல், நோயாளியின் குடும்பத்தினருடன் தனியே உடன்பாடு செய்துகொண்டு, அந்தச் செவிலியரைப் பணிநீக்கம் செய்தது. பெயர் குறிப்பிடாத ஒருவர் தகவல் கொடுத்த பிறகே, 2018-இல் மத்திய அரசு ஆய்வாளர்கள் வந்தார்கள். தடையை மீறி மருந்து எடுப்பது அங்கே வழக்கமாகியிருந்ததும், ஸ்கேன் பகுதியில் பார்கோடு சரிபார்க்கும் கருவி இல்லாததும் அதன் பின்னரே வெளியில் பேசப்பட்டன. 2022 மார்ச்சில் அந்தச் செவிலியர் அலட்சியத்தால் மரணம் விளைவித்த குற்றவாளி என்று தீர்ப்பாகி, மே மாதம் 3 ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு விதிக்கப்பட்டது. உரிமம் முன்பே பறிபோயிருந்தது. மருத்துவமனை மீது குற்ற வழக்கு எதுவும் தொடரப்படவில்லை.

2006-இல் இண்டியானாபொலிஸ் நகர மருத்துவமனை ஒன்றில், இரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரின் மருந்தில் மில்லிக்கு 10 யூனிட் குப்பிகள் இருக்க வேண்டிய இடத்தில் 10,000 யூனிட் குப்பிகள் வைக்கப்பட்டு, குறைமாதக் குழந்தைகள் மூவர் இறந்தபோது, இரண்டு குப்பிகளும் நீலச் சீட்டுடன் இருந்தன. அங்கே நிர்வாகம் தன் நடைமுறையில் உள்ள குறையை வெளிப்படையாக ஏற்றுக்கொண்டது. இரண்டு இடங்களிலும் செலுத்திய கை செவிலியருடையதுதான் என்றாலும், பொறுப்பு போய் நின்ற இடம் வேறாக இருந்தது.

ஆகவே உங்கள் அறிக்கையில் பெயரை எழுதியதும் பேனாவை மூடாதீர்கள். அந்த மருந்து ஏன் அந்த இடத்தில் இருந்தது, யார் அடுக்கினார்கள், அன்றைய ஷிஃப்டில் ஒருவருக்கு எத்தனை நோயாளிகள், இதே டிரேயில் முன்பும் இப்படி நடந்ததா என்பவற்றுக்கு விடை இல்லாத அறிக்கையை நான் திருப்பி அனுப்பிவிடுவேன்.

மருந்தின் பெயர் ஒட்டாத சிரிஞ்ச்

கொட்டிவிடுங்கள்.

தொலைபேசி உத்தரவு

மருந்தின் பெயரையும் அளவையும் திரும்பச் சொல்லி, மருத்துவர் ஆம் என்ற பிறகே எழுதுங்கள். டியூட்டி முடிவதற்குள் கையெழுத்தும் வாங்கிவிடுங்கள்.

சட்டம் எல்லோருக்கும் ஒன்றே என்று நம்புவது

நம் நாட்டில் ஜேக்கப் மேத்யூ வழக்கில் 2005-இல் உச்ச நீதிமன்றம், மருத்துவர் மீது குற்ற வழக்கு நிலைக்கப் பெரும் அலட்சியம் இருக்க வேண்டும் என்றும், வேறொரு தகுதியுள்ள மருத்துவரின் கருத்தைப் பெற வேண்டும் என்றும் கூறியது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவு, அலட்சியத்தால் மரணம் விளைவிப்பவருக்கு 5 ஆண்டு வரை சிறை என்கிறது. பதிவு பெற்ற மருத்துவர் சிகிச்சையின்போது அதைச் செய்தால் உச்ச வரம்பு 2 ஆண்டு. பதிவு பெற்ற மருத்துவர் யார் என்று அந்தப் பிரிவு தரும் விளக்கத்தில் மருத்துவப் பதிவேட்டில் உள்ளவர்கள் மட்டுமே வருகிறார்கள், செவிலியர்கள் வரவில்லை. இது அநியாயம் என்பது என் உறுதியான கருத்து. மருந்தை எழுதியவருக்கு ஒரு வரம்பும் அதைச் செலுத்தியவருக்கு அதைவிடக் கடுமையான வரம்பும் இருப்பதைப் பணியில் சேரும் நாளிலேயே செவிலியர்களுக்குத் தெரிவிக்க வேண்டும். நஷ்டஈடு வேறு வழி: ஊழியரின் அலட்சியத்துக்கு மருத்துவமனையும் நுகர்வோர் ஆணையத்தில் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

கேஸ் ஷீட்டைத் திருத்துவது

வெள்ளை மை பூசுவதும், தாளை மாற்றுவதும், பின்னர் எழுதியதை முன்னரே எழுதியதுபோல் நேரம் போடுவதும் பிழையைக் குற்றமாக்கிவிடும். தவறாக எழுதியதன் மேல் படிக்கும்படி ஒற்றைக் கோடு இழுத்து, பக்கத்தில் சரியானதை எழுதி, அப்போதைய தேதியும் நேரமும் கையெழுத்தும் இடுங்கள். காலிக் குப்பியையும் சிரிஞ்சையும் தூக்கி எறியாமல், பெயர் ஒட்டிய உறையில் இட்டு மேலதிகாரியிடம் ஒப்படையுங்கள்.